காவல் நிலையச் சுவரில் பீம்ராவ்

வடசென்னையைப் பற்றிப் படம் எடுக்கிறேன் என்று எவனாவது கிளம்பி வந்தால் எனக்கு முதலில் கை பரபரக்கும், அப்புறம்தான் வாய் பேசும். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் இருபத்தாறு வருஷமாகப் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். என் பெயர் அன்புக்கரசி, கடையின் பெயர் அன்பு ஸ்டூடியோ. இந்தப் பக்கத்து மனுஷர்களின் முகத்தை என்னைவிட அதிகம் பார்த்தவர்கள் கிடையாது என்று பீற்றிக்கொண்டு திரிந்தவள். ஆனால் இது என் கதை இல்லை, பீம்ராவ் அண்ணனின் கதை. நான் நடுவில் புகுந்து அதைக் கெடுத்தேன், அவ்வளவுதான்.

அவருக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. அப்பாவுக்கு ரயில்வேயில் தண்டவாள வேலை. வீட்டில் புத்தர் படம் ஒரு சுவரில், அண்ணல் படம் எதிர்ச் சுவரில். வியாசர்பாடியில் பிறந்த பிள்ளை ஒன்று பந்தை உதைக்கும், இல்லாவிட்டால் குத்துச்சண்டைக்குப் போகும். இவர் குத்துச்சண்டைக்குப் போனார். பத்தொன்பது வயதில் ராயபுரத்தில் ஒரு போட்டியில் மூக்கு உடைந்தது. உடைந்த மூக்கோடு கடைசி ரவுண்டு ஆடி ஜெயித்தார். இடது புருவத்தில் ஆறு தையல். அந்த மெடலை எடுத்துக்கொண்டு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்டு மூன்று வருஷம் அலைந்தார். ஒவ்வொரு ஆபீஸிலும் மெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அப்புறம் வரச் சொன்னார்கள். அலுத்துப்போய் ஹார்பரில் கன்டெய்னர் லாரி ஓட்டினார். தாயம்மா அண்ணியைக் கட்டிக்கொண்டு திருவொற்றியூருக்குக் குடி வந்தார். நாற்பது வயதில் லாரியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வேனுக்கு மாறினார்.

அந்த வேனில் அவரைப் பார்க்க வேண்டும். விம்கோ நகரிலிருந்து பத்தொன்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருவார். ஒவ்வொன்றையும் தானே இறங்கிக் கைப்பிடித்து ஏற்றுவார். கன்டெய்னர் லாரிக்காரன் ஆரன் அடித்தால் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கொயந்தைங்க கீதுடா வண்டில, கண்ணு அவிஞ்சிப் போச்சா?" என்று அவன் பரம்பரையையே விசாரிப்பார். பதினாறு வருஷத்தில் ஒரு பிள்ளைக்கு முட்டி சிராய்த்ததில்லை. குடி கிடையாது. பீடி கிடையாது. என் மகள் எட்டு வருஷம் அந்த வண்டியில்தான் போய் வந்தாள்.

அவருக்கு இருந்த ஒரே வியாதி பழைய சினிமா. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மத்தியானம் ஏற்றப் போகிறவரைக்கும் என் கடையில் வந்து உட்காருவார். என் டி.வி.யில் கறுப்பு வெள்ளைப் படம் ஓடும் சேனலைப் போட்டே ஆக வேண்டும். வாடிக்கையாளர் வந்தாலும் சத்தத்தைக் குறைக்க விடமாட்டார். கடைசியில் கதாநாயகன் கூண்டில் ஏறி நின்று நீதிபதியைப் பார்த்து வசனம் பேசினால் இவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மூக்கு உடைந்தபோது அழாத மனுஷன்!

"அன்னிக்கி படம் பாத்துட்டு வெளிய வந்தா மன்சன் கொஞ்சமாச்சும் நல்லவனா வருவாம்மா," என்பார். "இன்னிக்கி வெளிய வந்தா எவன வெட்லாம்னு வரான். இத்தப் போயி சினிமான்றான். கலீஜு."

புதுப் படத்தைத் திட்டுவதில் எனக்கும் அவருக்கும் சண்டையே இல்லை. திட்டாமல் என்ன செய்வது? நாலு வருஷத்தில் எங்கள் பக்கம் ஏழு படம் எடுத்தார்கள். ஏழிலும் முதல் காட்சி வானத்திலிருந்து. கீழே கூரைகள், அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் கிரேன். வானத்திலிருந்து இறங்கினதும் வெட்டு. காரணமே வேண்டாம், ராயபுரத்தில் ஒருவன் கேரம் ஆடினால் போதும், அடுத்த நிமிஷம் குடல் சரியும். இங்கே காலையில் எழுந்து பேங்கு வேலைக்குப் போகிறவன் இருக்கிறான், நீட் கோச்சிங் போகிற பெண் இருக்கிறாள், வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக் கணக்குப் பார்த்துவிட்டு அஞ்சு வேளை தொழுகிறவர் இருக்கிறார். ஒருத்தரும் படத்தில் வரமாட்டார்கள். அவர்கள் வெட்டமாட்டார்கள் அல்லவா, அவர்களை வைத்து என்ன கிழிப்பது? கதாநாயகன் எங்கோ தெற்கிலிருந்து வந்தவனாக இருப்பான். முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு ரெண்டு 'இன்னா', மூணு 'கீது' சொல்வான். அந்த 'கீது'வை எந்த இடத்தில் போடுவது என்றுகூடத் தெரியாது. அதற்கு விருது கொடுப்பார்கள். விருது வாங்குகிற மேடையில் அவன் இங்கிலீஷ் பேசுவான்.

ஆனால் அண்ணனின் பழைய படங்களை மட்டும் நான் விட்டுவிடுவேனா? பொற்காலமாம். எவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பொன் யார் கழுத்தில் தொங்கியது? ராஜா செந்தமிழ் பேசுவான், கலெக்டர் செந்தமிழ் பேசுவான், சாகக் கிடக்கிற தாய்கூட இலக்கணம் பிசகாமல்தான் சாவாள். எங்கள் பாஷை பேசுகிறவன் வந்தால் ஒன்று ரிக்‌ஷா இழுப்பான், இல்லை பிக்பாக்கெட் அடிப்பான். அவன் வாயைத் திறந்து 'நைனா' என்றதும் கொட்டகை குலுங்கிச் சிரிக்கும். எங்கள் அப்பன்மார்களும் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து சேர்ந்து சிரித்தார்கள். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்காது.

இதை ஒருநாள் அண்ணனிடம் மூஞ்சிக்கு நேரே சொன்னேன். அவர் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்.

"சிரிச்சான். இல்லன்னு யாரு சொன்னது? ஆனா சிரிக்கிறவன் பக்கத்துல குந்த வெப்பாம்மா. இவனுங்க படத்த பாத்து ஊரே பயப்புடுது. பயந்தவன் வூட்டாண்ட வுடமாட்டான்."

"அட போண்ணா, பெரிய தத்துவம்," என்றேன். போன வருஷம் ஆடி மாசத்தில் நடந்த பேச்சு இது. அதற்கடுத்த வாரம்தான் மதி வந்தாள்.

மதிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சினிமா கலை இயக்குநர் ஒருவரிடம் உதவியாளர். நல்ல பெண், நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்காராத பெண். எட்டாவது வடசென்னைப் படம் எடுக்கிறார்களாம். படத்தின் பெயரை நான் சொல்லமாட்டேன், அதற்கு என் செலவில் விளம்பரம் எதற்கு?

"அக்கா, போலீஸ் ஸ்டேஷன் செட் போடறோம்," என்றாள். "சுவத்துல பெரிய பெரிய ரவுடிங்க போட்டோ வரிசையா ஒட்டணும். துணை நடிகர்ங்க முகமெல்லாம் எல்லாப் படத்துலயும் வந்து தேஞ்சு போச்சு. டைரக்டர் ரியலான முகம் கேக்கறார். உங்ககிட்ட பழைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நிறைய இருக்கும்னு சொன்னாங்க."

யார் சொன்னார்களோ, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். என் கடையில் எட்டுப் பிரதிக்குக் குறைந்து போட்டுத் தருவதில்லை. ஜனங்களுக்கு வேண்டியது மூன்றோ நாலோ. மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டார்கள். "உன்னாண்டயே கெடக்கட்டும்க்கா, வூட்ல பசங்க தொலச்சிடும்," என்று விட்டுவிட்டுப் போவார்கள். ஆறு மாசம் கழித்து ரேஷன் கார்டுக்கோ ஆஸ்பத்திரிச் சீட்டுக்கோ வேண்டும் என்றால் வந்து கேட்டு வாங்கிப் போவார்கள். இந்தப் பழக்கம் இங்கே எல்லாருக்கும் உண்டு. அப்படிச் சேர்ந்த முகங்கள் பிஸ்கட் டப்பாக்களில் என்னிடம் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. என்னை நம்பி விட்டுவிட்டுப் போன முகங்கள்.

அப்போதே அவளை எழுந்து போகச் சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவு பேசுகிறவள், அந்த இயக்குநரைப் பற்றி நாலு வார்த்தை நறுக்காகச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். மதி அடுத்து ஒன்று சொன்னாள்.

"படத்துல நன்றினு போட்டு உங்க ஸ்டூடியோ பேரைப் போடுவோம்க்கா."

அவ்வளவுதான், நான் உருகிவிட்டேன். சீ, இப்போது எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது. அவள் டப்பாக்களை அப்படியே கேட்டாள். தரமாட்டேன், நானே பொறுக்கித் தருகிறேன் என்றேன். தொழில் தெரிந்தவள் அல்லவா! டப்பாக்களைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். தாடி வைத்தவன், கண் சிவந்தவன், கன்னத்தில் அம்மைத் தழும்பு உள்ளவன் என்று நாற்பது முகம் எடுத்தேன். மீன் விற்கிற ஹென்றி அதில் இருந்தார், கோவில் தெருவில் பூக்கட்டுகிறவர் இருந்தார். பீம்ராவ் அண்ணனும் இருந்தார். பதினாறு வருஷத்துக்கு முன்னால் லைசென்ஸ் புதுப்பிக்க எடுத்த படம். மூணு நாள் காய்ச்சலில் எழுந்து வந்திருந்தார், சவரம் செய்யவில்லை, கண் ரத்தமாக இருந்தது. உடைந்த மூக்கும் புருவத் தையலும் வேறு. மதி பார்த்துவிட்டு, "செம, அக்கா!" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர்களில் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. விரலளவு படம், சுவரில் நாற்பதில் ஒன்று, எவன் பார்க்கப் போகிறான் என்று இருந்துவிட்டேன்.

படம் இந்தத் தை மாசம் வந்தது. முதல் நாளே போனேன். வானத்திலிருந்து ஆரம்பித்தது. கூரை, கடல், கிரேன், வெட்டு. ஒரு மணி நேரம் கழித்து அந்தப் போலீஸ் ஸ்டேஷன் காட்சி. புதிதாக வந்த அதிகாரி, அதாவது கதாநாயகன், சுவரில் இருக்கிற முகங்களைப் பார்த்துக்கொண்டே நடக்கிறான். கேமரா கூடவே போகிறது. ஒரு முகத்தின் மேல் விரலை வைக்கிறான். திரை முழுக்க அந்த முகம். பின்னால் நிற்கிற ஏட்டு சொல்கிறார்: "இவன் பயங்கரமானவன் சார். பொம்பளை, கொழந்தைன்னுகூடப் பாக்கமாட்டான்."

பீம்ராவ் அண்ணன்.

நான் சிரித்தேன். மறைக்காமல் சொல்கிறேன், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அண்ணனை நாளைக்கு ஓட்டலாம் என்று நினைத்தேன். கடைசியில் எழுத்து ஓடியபோது விளக்கைப் போட்டுவிட்டார்கள், கூட்டம் எழுந்துவிட்டது, ஆள் பெருக்க ஆரம்பித்துவிட்டார். முந்நூறு பெயருக்கு நடுவில் என் கடைப் பெயர் ஓடியது. அதைப் பார்க்க நான் ஒருத்திதான் நின்றேன்.

அண்ணன் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டார். அவருக்குச் செய்தி வந்தது வேனில். இரண்டாம் வகுப்பு மெஹ்னாஸ் ஏறும்போதே, "அங்கிள், நீங்க படத்துல வர்றீங்க! எங்க அண்ணன் போன்ல இருக்கு!" என்று குதித்திருக்கிறாள். பத்தொன்பதும் ஓவென்று கத்தியிருக்கின்றன. அவருக்கும் சிரிப்புதான். "நானாடி? ராஜா வேசமா, மந்திரி வேசமா?" என்று கேட்டிருக்கிறார். பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை விட வந்த ஒரு அப்பா போனில் அந்தக் காட்சியைக் காட்டினார். ஏட்டு சொன்னதையும் அண்ணன் கேட்டார்.

பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. பெற்றவர்களுக்கு? அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அண்ணன் படத்தை அந்தக் காட்சியிலிருந்து பிடித்துப் போட்டு, கீழே ஒருத்தி எழுதியிருந்தாள்: நம்ம பிள்ளைங்களை யாரோட அனுப்பறோம்னு தெரியுமா? அதற்குக் கீழே கைகூப்பல், கோப முகம், அழுகிற முகம். படத்தில் வந்தது நிஜமாகத்தான் இருக்கும், பெரிய படக்காரர்கள் விசாரிக்காமல் போடுவார்களா என்று ஒரு மேதாவி. வருஷக்கணக்காகத் தினமும் காலையில் தங்கள் பிள்ளையை அந்தக் கையில் பிடித்துக் கொடுத்தவர்கள்! த்தூ. மறுநாள் வண்டியில் எட்டுப் பிள்ளைகள்தான் ஏறின. அதற்கு மறுநாள் நாலு. மூன்றாம் நாள் தாளாளர் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கு மத்தியானம் அண்ணன் கடைக்கு வந்தார். டி.வி. போடச் சொல்லவில்லை.

"ஏம்மா அன்பு, அந்த போட்டோ நீ எட்த்ததுதான?"

"ஆமாண்ணா. படத்துக்காரங்க வந்து கேட்டாங்க, குட்த்துட்டேன். இப்டி ஆவும்னு சத்தியமா தெரியாது."

கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை.

"அந்தக் காலத்துல ரவுடின்னா எப்டி காட்டுவான்?" என்றார். "கழ்த்துல ஒரு கர்ச்சீப்பு, கன்னத்துல ஒரு மரு. அத்த ஒட்டிகினு வருவான் நடிக்கிறவன். படம் முடிஞ்சா பிச்சி எறிஞ்சிட்டு வூட்டுக்குப் பூடுவான். இவனுங்க மரு ஒட்டல. என் மூஞ்சிய எட்த்துகினு பூட்டானுங்க. இத்த நான் எங்கம்மா பிச்சி எறியறது?"

அண்ணனே சமாதானமும் சொன்னார்.

"சரி வுடு. நீ வந்து அந்த ஆளாண்ட உள்ளத சொல்லு. சொன்னா வெளங்கிடும்."

அந்தத் தாளாளரின் பெயர் வேலப்பன். அவர் அறையில் ஏ.சி. உண்டு, பொன்மொழிகள் உண்டு, நாலு ஷீல்டு உண்டு. அண்ணனை நிற்க வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அது லைசென்ஸுக்கு எடுத்த படம், என் கடையில் கிடந்தது, நான்தான் சினிமாக்காரர்களுக்குக் கொடுத்தேன், இவர் மேல் ஒரு பெட்டி கேஸ்கூடக் கிடையாது, என் மகளே எட்டு வருஷம் இவர் வண்டியில்தான் போனாள் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

"புரியுதும்மா," என்றார் வேலப்பன். "நானே அந்தப் படத்தை ரெண்டு தடவை பாத்துட்டேன். என்னமா எடுத்திருக்கான்! பழைய காலத்துல வசனம் வசனம்னு கொன்னானுங்க. இது அப்படியே ரியலா இருக்கு. அந்த ரியல்தான் இப்ப பிரச்சினை."

"எது சார் ரியலு?" என்றேன். "உங்க டிரைவர் பதினாறு வருசமா உங்க முன்னாடி நிக்கறாரு. இவரு ரியல் இல்லியா? நாலு செகண்டு போட்டோதான் ரியலா?"

"கோவப்படாதீங்க. எனக்குத் தெரியும் பீம்ராவ் நல்லவர்னு. ஆனா பேரண்ட்ஸ் முகத்தைத்தானே பாக்கறாங்க?"

அண்ணன் மேஜைப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார்.

"சார், மூக்கு பாக்ஸிங்ல ஒட்ஞ்சுது. மெடலு வூட்ல கீது. எட்த்துகினு வரட்டா?"

வேலப்பன் மேஜையைப் பார்த்துக்கொண்டார். மெடல் வேண்டாம் என்றார். போலீஸில் நன்னடத்தைச் சான்று வாங்கி வர வேண்டும், அதன் நகலை வேன் கதவில் ஒட்டிவிடலாம், புதிதாக நல்லபடியாக ஒரு போட்டோ எடுத்து அதையும் பக்கத்தில் ஒட்டிவிடலாம், பெற்றோர்கள் பார்த்துத் தெம்பாகிவிடுவார்கள் என்றார். என்ன மூளை! ஒரு மனுஷனைத் தினமும் நேரில் பார்த்து நம்பாதவர்கள் கதவில் ஒட்டின காகிதத்தைப் பார்த்து நம்புவார்களாம். ஆனால் அவர் சொன்னது சரியாகவே இருக்கும் என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்ததுதான் இன்னும் எரிச்சல்.

சான்றுக்கு அண்ணன் மூன்று வாரம் நடந்தார். அந்த மூன்று வாரமும் வண்டி இல்லை. தாயம்மா அண்ணி இட்லிக் கடையில் கூடுதலாக ஒரு வேளை மாவரைக்கப் போனார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டபோதெல்லாம் "வண்டி ரிப்பேருக்குப் போயிகீது," என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய் உட்கார்ந்தால் காபி கொடுப்பார், முகத்தைப் பார்க்கமாட்டார். ஸ்டேஷனில் அண்ணனைப் பார்த்ததும் ஒரு இளவயசு போலீஸ்காரர், "அண்ணே, நீங்க அந்தப் படத்துல வர்றவரு இல்ல?" என்று எழுந்து கை கொடுத்திருக்கிறார். நிஜமான காவல் நிலையத்தில் அண்ணனுக்கு மரியாதை! சுவரில் சாய்ந்து நிற்கச் சொல்லிச் செல்ஃபி எடுத்துக்கொண்டாராம். அண்ணன் நின்றிருக்கிறார். நிற்காவிட்டால் சான்று தள்ளிப் போய்விடுமோ என்ற பயம். இதை வந்து சொன்னபோது அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. புதுப் படத்தையும் திட்டவில்லை, பழைய படத்தைப் புகழவும் இல்லை. அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

சான்று வந்தது. பீம்ராவ் என்பவர் மீது எவ்வித வழக்கும் நிலுவையில் இல்லை என்று நீலக் கையெழுத்தும் முத்திரையும். அதை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு காலை பத்து மணிக்குப் போட்டோ எடுக்க வந்தார். வெள்ளைச் சட்டை, அண்ணி பெட்டி போட்டுக் கொடுத்தது. முகத்தை மழமழவென்று சவரம் செய்து, மீசையையும் எடுத்துவிட்டிருந்தார். முப்பது வருஷ மீசை. எனக்கு ஆளே வேறு மாதிரி தெரிந்தது. புருவத் தையல் மேல் பவுடர் அப்பியிருந்தார்.

ஸ்டூலில் உட்கார வைத்தேன். விளக்கைப் போட்டேன்.

"சிரிக்கட்டுமாம்மா?" என்றார்.

"சும்மா சாதாரணமா இருண்ணா."

"சாதாரணமா இருந்துதான இந்த கதி. நல்லவன் மாரி எப்டி வெச்சிக்கறது மூஞ்சிய? நீதான் தெனம் பாக்கறியே, சொல்லு."

ஒரு பக்கம் சிரித்துப் பார்த்தார். சரியில்லை என்று அவரே சொன்னார். புருவத்தை இறக்கிப் பார்த்தார். கண்ணை அகலமாகத் திறந்து பார்த்தார். ஐம்பத்தாறு வயசு மனுஷன், பதினாறு வருஷம் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினவர், என் ஸ்டூலில் உட்கார்ந்து நல்லவனாக இருப்பது எப்படி என்று ஒத்திகை பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. கேமராவைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

"அன்பு," என்றார் முதுகுக்குப் பின்னால். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்தப் பொண்ணு டப்பாவ அப்டியே அள்ளிகினு போச்சா, இல்ல பொறுக்கி எட்த்துகினு போச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"நான்தாண்ணா பொறுக்கிக் குட்த்தேன்."

"எத்தினி?"

"நாப்பது."

"இன்னா சொல்லி கேட்டுச்சு?"

"ரவுடி மாரி மூஞ்சி வேணும்னு."

அவர் தலையாட்டினார். கணக்குச் சரியாக வந்ததுபோல.

"மொதல்ல எந்த மூஞ்சிய எட்த்த?"

டப்பாக்களைக் கவிழ்த்த அந்த மத்தியானம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மற்ற முப்பத்தொன்பதுக்கும் நான் தேடினேன். ஒன்றுக்கு மட்டும் தேடவில்லை. மதி கேட்டு வாயை மூடுவதற்குள் என் மனசில் வந்து நின்ற முகம் அது. அந்த டப்பாவில்தான் கையை விட்டேன்.

"உன்னுதுதாண்ணா," என்றேன்.

கோபம் வந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அன்னிக்கி படம் எட்த்தவனுக்கும் நம்மள தெரியாது, இன்னிக்கி எட்க்கிறவனுக்கும் தெரியாது," என்றார். "எங்கேந்தோ வந்தவனுங்க, அவனுங்கள இன்னா கேக்கறது? நீ இத்தினி வருசமா என் பக்கத்துல குந்திகினு கீற."

அப்புறம் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். சிரிக்கவில்லை, புருவத்தை இறக்கவில்லை. பவுடரைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டார், தையல் தெரிந்தது.

"எடு," என்றார்.

கேமராவை அவர் முகத்துக்கு நேரே வைத்தேன். வருகிறவர்கள் எல்லாரிடமும், லென்ஸைப் பாருங்கள், என்னைப் பார்க்காதீர்கள் என்று சொல்வது என் வழக்கம். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.